பழைய கைபேசியை ஏழை நாடுகளின் மருத்துவப் பணிக்குக் கொடுப்பது எப்படி?

மலாவி நாட்டின் நமிட்டேட்டே என்னும் ஊரில் செயின்ட் கேப்ரியல் மருத்துவமனை உள்ளது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நோயாளிகளைக் கவனித்துவந்த தன்னார்வச் சுகாதாரப் பணியாளர்கள், தங்கள் குறிப்புகளை ஒப்படைக்க வெகுதூரம் நடந்தே வரவேண்டியிருந்தது. 2008-இல் ஜோஷ் நெஸ்பிட் என்ற அமெரிக்க மாணவர், சுமார் 100 கைபேசிகளையும், குறுஞ்செய்திகளை ஒருங்கிணைக்கும் ஃப்ரண்ட்லைன் எஸ்எம்எஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிய மடிக்கணினியையும் அங்கே கொண்டுசென்றார். யார் மாத்திரையை நிறுத்திவிட்டார், யாருக்கு உடனே சிகிச்சை தேவை என்பதெல்லாம் அதன்பின் குறுஞ்செய்தியாகவே வந்தன. முதல் ஆறு மாதங்களில் ஊழியர்களின் 1,200 மணி நேர அலைச்சல் மிச்சமானது.

இதன் தொடர்ச்சியாக 2009-இல் தொடங்கிய 'ஹோப் ஃபோன்ஸ்' திட்டம், நன்கொடையாக வந்த கைபேசிகளை மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து, கிடைத்த தொகையில் பணியாளர்களுக்கு ஏற்ற கைபேசிகளை வாங்கித் தந்தது. மின்சாரம் அரிதான ஊருக்கு, ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும் எளிய கைபேசிதான் பொருந்தும் என்பதால், நாம் கொடுக்கும் கருவியே அங்கு போகாதது குறித்து வருந்த வேண்டியதில்லை. ஆனால், அதன் விலைமதிப்பே உதவியாக மாறுகிறது என்பதால், மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கவிடாமல், புதியது வாங்கியவுடனே பழையதைக் கொடுத்துவிடுவது நல்லது.

கொடுக்கும் முன் படங்களையும் தொடர்பு எண்களையும் புதிய கைபேசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வங்கிச் செயலிகளும், ஓடிபி உருவாக்கும் செயலிகளும் புதியதில் இயங்குவதை உறுதிசெய்த பிறகே பழையதில் அவற்றை நீக்குங்கள். அடுத்து வரும் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். ஐபோனில், தொலைந்த கருவியைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை' வசதியை அணைத்து, ஆப்பிள் கணக்கான ஐகிளவுடிலிருந்து வெளியேற வேண்டும். இதைச் செய்யாமல், எல்லாத் தரவையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட் செய்தால், கருவி பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அதன்பின் உதிரிபாகங்களுக்கு மட்டுமே விலை கிடைக்கும். ரீசெட் முடிந்ததும் சிம், மெமரி கார்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

கைபேசியைச் சமதளமான மேசையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அது ஆடினாலோ, திரையின் ஓரம் எழும்பியிருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படிப்பட்டதைக் கூரியரில் அனுப்பவே கூடாது. தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. அருகிலுள்ள மின்கழிவு மையத்தில் நேரில் ஒப்படையுங்கள்.

பெறும் அமைப்பிடம், பழுதான கைபேசிகளை எங்கே அனுப்புகிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். உதவி என்ற பெயரில் உடைந்த கருவிகளை ஏழை நாடுகளில் கொட்டுவது, நாம் காக்க நினைக்கும் மக்களுக்கே ஈயத்தையும் நச்சுப்புகையையும் கொண்டுசேர்க்கும். அபாயகரக் கழிவுகள் நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின்படி, 2025 ஜனவரி முதல் மின்கழிவை வேறு நாட்டுக்கு அனுப்ப, அதைப் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை. தெளிவான பதில் கிடைத்தால், *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்) குறித்துவைத்து, அந்த எண்ணுடன் ரசீது பெற்றுக்கொண்டு கைபேசியை ஒப்படையுங்கள்.