காபி நாற்றங்காலில் கழுத்தழுகல்: டிரைக்கோடெர்மாவைக் கொண்டு தடுக்கும் முறை

காபி விதை முளைத்து, பருப்பைத் தலையில் தாங்கியபடி குச்சிபோல நிற்கும் பருவத்தில்தான் கழுத்தழுகல் நோய் தாக்குகிறது. மண்ணை ஒட்டிய தண்டு பழுப்பேறி இளகும், நாற்று சாய்ந்துவிடும். பாத்தியின் ஒரு மூலையில் தொடங்கித் திட்டுத் திட்டாகப் பரவும். ரைசோக்டோனியா சொலானி என்ற மண்வாழ் பூசணமே காரணம். ஏற்காடோ தாண்டிக்குடியோ கூடலூரோ, நாற்று வளர்ப்பவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பார்கள்.

இதைத் தடுக்க இன்னொரு பூசணம் இருக்கிறது. டிரைக்கோடெர்மாவின் இழைகள் ரைசோக்டோனியாவின் இழைகளைச் சுற்றி வளைத்து, செல்சுவரைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உள்ளிருப்பதை உணவாக்கிக்கொள்கின்றன. தாவர நோய் ஆய்வாளர் ரிச்சர்ட் வைண்ட்லிங் 1932-இலேயே இதை விவரித்துவிட்டார். ஆனால் அழுகிய நாற்றை இது பிழைக்கவைக்காது. நோய் வருவதற்கு முன்பே மண்ணில் குடியேறியிருந்தால்தான் பயன். ஆகவே டிசம்பர், ஜனவரியில் விதைப்பவர்கள் மூன்று வாரம் முன்னதாகவே வேலையைத் தொடங்குங்கள்.

படி 1: தூள் வாங்குதல்

டால்க் தூளில் கலந்த டிரைக்கோடெர்மா விரிடி பாக்கெட்டுகளாகக் கிடைக்கிறது. விலையை அப்புறம் பாருங்கள், முதலில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். உள்ளே இருப்பது உயிர். நான்கு மாதத்துக்கு மேற்பட்ட பாக்கெட் வேண்டாம். தகரக் கூரையின் கீழ் வெயிலில் காய்ந்த சரக்கும் வேண்டாம்.

படி 2: தொழு உரத்தில் பெருக்குதல்

முழு முயற்சியின் பலனும் இந்தப் படியில் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். நன்கு மக்கிய தொழு உரம் 90 கிலோ, தூளாக்கிய வேப்பம் பிண்ணாக்கு 10 கிலோ, டிரைக்கோடெர்மா 1 கிலோ. பச்சைச் சாணம் கூடவே கூடாது. அது மக்கும்போது எழும் சூட்டில் பூசணம் செத்துவிடும். நிழலான இடத்தில் மூன்றையும் கலந்து, தண்ணீர் தெளித்துப் பிசறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. குவித்து, ஈரச் சாக்கால் மூடுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை கிளறி, ஈரம் குறைந்திருந்தால் தெளியுங்கள். 15 நாளில் மேற்பரப்பில் வெண்ணிழைகளும் பச்சைப் படலமும் தெரியும். துர்நாற்றம் அடித்தால் நீர் மிஞ்சிவிட்டது என்று பொருள். நிழலில் பரப்பி ஆற்றிவிட்டு மீண்டும் குவியுங்கள்.

படி 3: பாத்தியிலும் பையிலும் இடுதல்

ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரமுள்ள மேட்டுப்பாத்தி அமைத்து, இந்த உரத்தை மேல்மண்ணில் கலந்த பிறகு விதையுங்கள். நாற்றுப் பைகளுக்குக் காட்டு மண் 6 பங்கு, தொழு உரம் 2 பங்கு, மணல் 1 பங்கு என்பது வழக்கமான கலவை. அந்த 2 பங்கும் பெருக்கிய உரமாகவே இருக்கட்டும்.

படி 4: தண்ணீரும் நிழலும்

பூவாளியால் அளவோடு ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கும் பாத்தியில், அடர்ந்த நிழலில், நெருக்கமாக விதைத்த நாற்றில் எந்த உயிர்மருந்தும் முழுதாகப் பலிக்காது. இதைச் சொல்லாமல் பாக்கெட்டை மட்டும் விற்பது நாற்று வளர்ப்பவருக்குச் செய்யும் அநீதி.

படி 5: நோய் தென்பட்டால்

சாய்ந்த நாற்றுகளைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். ஓரிரு நாள் தண்ணீரைக் குறையுங்கள். கார்பென்டசிம் என்ற பூசணக்கொல்லியை ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் சேர்ந்து அழியும். ஊற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால், 15 நாள் கழித்து, டிரைக்கோடெர்மா பெருக்கிய உரத்தை மறுபடியும் இடுங்கள்.

தோட்டத்தில் வேரழுகலால் செடி பட்டுப்போன இடத்திலும் இதே உரம் உதவும். பட்ட செடியை வேரோடு தோண்டி எரித்துவிட்டு, சுற்றியுள்ள நல்ல செடிகளின் தூரில் இடுங்கள்.

இலைத்துரு நோய் வேறு. அது இலையின் அடிப்பக்கத்தைத் தாக்குவதால் மண்ணில் இடும் டிரைக்கோடெர்மா அதைத் தடுக்காது. பருவமழைக்கு முன் 0.5 சதவீத போர்டோக் கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த கரைசல்) தெளிப்பதை நிறுத்திவிடாதீர்கள். ஆரஞ்சு நிறத் துருத்திட்டின்மேல் வெள்ளைப் பஞ்சுபோல ஒன்று படர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் லெக்கானிசிலியம் என்ற பூசணம். துருவையும் பச்சைச் செதில் பூச்சியையும் உண்டு வாழ்வது. நம் பக்கம் நிற்பது.