ட்ரைபல் பெல்லி நடனத்தில் நாட்டார் அசைவைச் சேர்க்கும் முறை

நடனக் கலைஞர் ஜமீலா சலிம்பூர் 1968-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய பால் அனத் குழு, மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க நாட்டார் ஆட்டங்களின் சாயலை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த கரோலினா நெரிச்சியோ, 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தாம் தொடங்கிய குழுவில், முன்கூட்டி அமைக்காத ஆட்டத்தைச் சைகைகளால் ஒருங்கிணைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இடுப்பையும் வயிற்றையும் அசைத்து ஆடும் பெல்லி நடனத்தின் இந்தக் குழு வடிவமே ட்ரைபல் பெல்லி நடனம். பெயரில் 'ட்ரைபல்' என்று இருந்தாலும் இது எந்தப் பழங்குடியின் மரபும் அன்று.

நால்வர் ஆடும்போது அனைவரும் சற்றே இடப்புறம் திரும்பி நிற்க வேண்டும். தலைமை ஏற்பவர் இடது முன்முனையில் நின்றால்தான், பின்தொடர்பவர்கள் கழுத்தைத் திருப்பாமலே அவருடைய கையையும் தோளையும் பார்த்துக்கொண்டு ஆட முடியும்.

சேர்க்க வேண்டிய நாட்டார் அசைவுக்கு எடுத்துக்காட்டாக, ராஜஸ்தானின் கால்பேலியா சமூகத்தார் ஆடும் கால்பேலியா ஆட்டத்திலுள்ள சுழற்சியை எடுத்துக்கொள்வோம். அதை அச்சமூகத்துக் கலைஞர் ஒருவரிடம், உரிய ஊதியம் கொடுத்து, நேரில் கற்பதே முறை. காணொளியைப் பார்த்துப் பழகினால் பாவாடை விரிவது மட்டும் கண்ணில் படும், பாதம் வைக்கும் விதம் பிடிபடாது. பிறகு அதை இசையின் எட்டு எண்ணிக்கைக்குள் இரண்டு சுற்றாக வரையறுத்துக்கொள்ளுங்கள். சுழலும்போது தலைவரைப் பார்க்க இயலாது என்பதால், எத்தனை சுற்று, எந்தத் திசையில் முடிப்பது என்பவை ஆடுபவரின் விருப்பத்துக்கு விடப்படக் கூடாது; எட்டாம் எண்ணிக்கையில் நால்வரும் மீண்டும் இடப்புறக் கோணத்தில் நின்றாக வேண்டும்.

இந்தச் சுழற்சியைத் தொடங்கச் சொல்லும் சைகையைத் தேர்வதில்தான் பல குழுக்கள் தடுமாறுகின்றன. குழுவில் வழங்கும் வேறெந்தச் சைகையையும் ஒத்திராத ஒன்று தேவை. எடுத்துக்காட்டாக, தலைவர் ஏழாம் எண்ணிக்கையில் வலது உள்ளங்கையைத் தலைக்கு மேல் திருப்பினால், மற்றவர்களுக்கு எட்டாம் எண்ணிக்கை முழுவதும் ஆயத்தமாகக் கிடைக்கும். அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில் நால்வரும் சேர்ந்து சுழலத் தொடங்கலாம். சைகை தாமதமானால் தலைவர் அந்தச் சுழற்சியைக் கைவிட்டுப் பழைய அசைவையே தொடர வேண்டும்.

விரல்களில் அணியும் சிறு தாளங்களை வலம்-இடம்-வலம் என்று ஒலிப்பது வழக்கமெனினும், புதிய சுழற்சி கைவரும்வரை அவற்றை ஒலிக்காமலே பழகுங்கள். பாவாடைகள் முழுதும் விரிந்த நிலையில் ஒன்றோடொன்று உரசாத இடைவெளியை, ஒத்திகையின்போதே தரையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி அறிவிப்பில் கால்பேலியா என்ற பெயரையும் கற்பித்தவரின் பெயரையும் தவறாமல் சொல்லுங்கள்.