குறைந்த வெளிச்சத்துக்கு எந்த ஃபிலிம்?

ஃபிலிம் வாங்கும் முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: அங்கே எவ்வளவு வெளிச்சம், உங்கள் லென்ஸ் எவ்வளவு திறக்கும், எடுக்கப்போவது அசையுமா அசையாதா. இவை தெரிந்தால் ஐஎஸ்ஓ எண், அதாவது ஃபிலிமின் வேகம் (எண் கூடக்கூடக் குறைந்த வெளிச்சமே போதும்), தானாக வந்துவிடும்.

கணக்கு இப்படித்தான். இரவில் சாதாரணமாக விளக்குப் போட்ட அறையில், 400 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்கு எஃப்/2 திறப்பில் (எண் சிறிதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கிறது) ஒளி மீட்டர் ஏறக்குறைய 1/30 விநாடி காட்டும். 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கக் குறைந்தது 1/60 வேண்டும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகம் கலையாமல் விழ 1/125 வேண்டும். ஆக 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) குறைகிறது, 1600 தேவை. லென்ஸ் எஃப்/1.4 என்றால் 800 போதும். எஃப்/4 ஜூம் என்றால் 6400 கேட்கும். அந்த நிலையில் ஃபிலிமை மாற்றிப் பயனில்லை, முதலில் லென்ஸை மாற்றுங்கள். பழைய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று எந்த ஃபிலிமையும்விட அதிகம் உதவும்.

கறுப்பு வெள்ளை

இங்கே இரண்டு வழி. ஒன்று, இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் அல்லது கோடாக் டிரை-எக்ஸ் போன்ற 400 ஃபிலிமை 1600 என்று வைத்து எடுத்து, டெவலப் செய்யும்போது நேரத்தைக் கூட்டுவது, அதாவது புஷ் செய்வது. மற்றொன்று, இல்ஃபோர்ட் டெல்டா 3200 அல்லது கோடாக் டி-மேக்ஸ் பி3200. பெட்டியில் 3200 என்று இருந்தாலும் இவற்றின் உண்மையான வேகம் 800 முதல் 1000 வரைதான். 3200 என்பதே புஷ் கணக்கு. அதனால் வெளிச்சம் இடம்கொடுத்தால் 1600இல் எடுங்கள். நிழல் பகுதிகளில் விவரம் தெளிவாக நிற்கும்.

புஷ் செய்தால் ஃபிலிமின் வேகம் கூடிவிடாது. வெளிச்சமே படாத இடத்தில் டெவலப்பர் எதையும் உருவாக்க முடியாது. ஏற்கெனவே பதிந்த நடுத்தர, வெளிர் பகுதிகள்தான் அடர்த்தியாகின்றன. கான்ட்ராஸ்ட், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, ஏறுகிறது; கிரெயின், அதாவது படத்தில் தெரியும் மணல்போன்ற புள்ளிகள், தடிக்கிறது. வெளிச்சம் குறைவாகப் பட்ட நெகட்டிவை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: நிழல் பகுதி ஓரத்துப் பட்டையைப் போலவே வெறுமையாக இருக்கும். ஸ்கேனர் எதுவானாலும் அங்கிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது.

எனவே ஒரே சீரான மங்கல் வெளிச்சத்துக்குப் புஷ் செய்த 400 நன்றாகப் பொருந்தும். ஸ்பாட்லைட் அடிக்கும் மேடைக்கு டெல்டா 3200 நல்லது. அதன் இயல்பான கான்ட்ராஸ்ட் குறைவு என்பதால், நடிகரின் நெற்றி வெந்து வெளுத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும்.

எச்பி5 பிளஸுக்கு மைக்ரோஃபென் என்ற டெவலப்பரின், மேலும் நீர் சேர்க்காத கரைசலில், 20 டிகிரி செல்சியஸில், டெவலப் நேரம் 400க்கு ஆறரை நிமிடம், 800க்கு 8, 1600க்கு 11, 3200க்கு 16. ஒரு ரோல் முழுவதும் ஒரே எண்ணில் எடுக்க வேண்டும், ஏனென்றால் ரோல் முழுவதும் ஒன்றாகத்தான் டெவலப் ஆகும். எந்த எண் என்பதைக் கேசட்டின் மேலேயே எழுதுங்கள். லேபில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

கலர்

கலர் நெகட்டிவில் தேர்வு குறைவு: கோடாக் போர்ட்ரா 800, சினிஸ்டில் 800டி போன்ற சில. போர்ட்ரா பகல் வெளிச்சத்துக்குச் சமன்செய்யப்பட்டது. மஞ்சள் குண்டு பல்பில் நீலம் குறைவு, அதனால் ஃபிலிமில் நீலத்தைப் பதியும் அடுக்குக்கு வெளிச்சம் போதாமல் நிழல்கள் கலங்கிப்போகும். 80ஏ என்ற நீல ஃபில்டர் போட்டால் நிறம் சரியாகும். ஆனால் 2 ஸ்டாப் போய், 800 ஃபிலிம் 200 ஆகிவிடும். அதைவிட ஃபில்டர் இல்லாமல் ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுத்து, ஸ்கேனில் நிறத்தைத் திருத்துவதே மேல்.

800டி டங்ஸ்டன் விளக்குக்கானது, அதாவது அந்த மஞ்சள் குண்டு பல்புக்கு. அடியில் இருக்கும் கருப்புப் பூச்சு நீக்கப்பட்ட சினிமா ஃபிலிம் என்பதால், ஒளி திரும்பித் தெறித்து விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் விழும். சிலருக்கு அதுதான் பிடிக்கும். திருமண முகங்களுக்கு வேண்டாம்.

மீட்டரும் முக்காலியும்

ஃபிரேமுக்குள் ஒரு பல்பு இருந்தாலே மீட்டர் ஏமாந்து, தேவைக்குக் குறைவாக வெளிச்சம் கொடுக்கும். கேமராவைத் தாழ்த்தி, பல்பை விலக்கி, முகத்தில் விழும் ஒளியை மட்டும் அளந்து பூட்டுங்கள்.

அசையாத காட்சி, முக்காலியும் உண்டு என்றால் வேகமான ஃபிலிம் தேவையே இல்லை. ஆனால் விநாடிக்கணக்கில் திறந்துவைத்தால் பெரும்பாலான ஃபிலிம்களுக்கு மீட்டர் காட்டுவதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். ஃபூஜி ஏக்ராஸ் 100 II மட்டும் 2 நிமிடம் வரை நேரத் திருத்தமே கேட்காது. எச்பி5 பிளஸுக்கோ மீட்டர் 10 விநாடி காட்டினால் 20 விநாடி, 30 காட்டினால் ஏறக்குறைய 86 விநாடி கொடுக்க வேண்டும். இதை மறந்தால் நெகட்டிவ் மெலிந்துதான் வரும்.

கேசட்டின் மேல் ஃபிலிமின் வேகத்தைச் சொல்லும் டிஎக்ஸ் குறியீட்டைத் தானே படிக்கும் சின்ன கேமராக்கள் பலவற்றில் ஐஎஸ்ஓவை மாற்ற வழியில்லை. அவற்றில் 400 ஃபிலிமை 1600 ஆக எடுக்க முடியாது. விமானப் பயணத்தில் ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், கைச்சோதனை கேளுங்கள். விமான நிலையங்களின் புதிய சிடி (CT) எக்ஸ்ரே ஸ்கேனர்கள் எந்த ஃபிலிமையும் புகைமூட்டமாக்கும், வேகமான ஃபிலிமை இன்னும் விரைவாக. வேக ஃபிலிம் சும்மா இருந்தாலும் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மங்கும். ஃபிரிட்ஜில் வையுங்கள், எடுத்து முடித்ததும் தாமதிக்காமல் டெவலப் செய்யுங்கள்.