கத்தி எஃகும் ஏமாற்றிய மேல்தோலும்

லாரியின் பழைய வில்பட்டையில் அடித்த கத்தியைக் கடினமாக்க, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தெடுத்த பின்னும், கடினமான எஃகில் வழுக்க வேண்டிய அரம் அலகில் பிடித்ததால், எஃகுதான் சரியில்லை என்று முடிவுகட்டினேன். எண்ணெயை 50 டிகிரிக்குச் சூடாக்கியும் பயனில்லை. தண்ணீரில் தோய்த்தது விரிசல் விட்டது. மென்மையான இரும்பு அப்படி வெடிக்காது என்பது அப்போது உறைக்கவில்லை. பேரிங் வளையத்தில் அடித்த கத்தியிலும் அதே கோளாறு தெரிந்தபோதுதான், அரம் முதல் சில இழுப்புகளில் மட்டும் பிடித்து, பிறகு அதே இடத்தில் வழுக்குவதைக் கவனித்தேன். காற்று மிகுந்த உலையில் நெடுநேரம் கிடந்ததால் மேல்தோல், எஃகைக் கடினமாக்கும் கார்பனை இழந்திருந்தது. உள்ளே எஃகு கடினமாகவே இருந்தது. கால் மில்லிமீட்டர் தேய்த்தெடுத்ததும் அரம் கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கியது. இப்போது காற்றைக் குறைத்து, எஃகில் காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டைச் சற்றே தாண்டியதும் தோய்த்து, 200 டிகிரியில் 2 மணி நேரம் வீதம் இருமுறை சூட்டில் வைத்து, நொறுங்காதபடி பதப்படுத்துகிறேன்.