பேண்ட் சோவுக்கு இடைவெளி இல்லாத தட்டு: மலைநாட்டு ஈரத்தில் நிலைக்கும் செய்முறை

முதலில் ஒரு சொல் சிக்கல். பேண்ட் சோவில் (மேலும் கீழும் உள்ள சக்கரங்களில் வளையமாக ஓடி மரம் அறுக்கும் இயந்திரம்) மரத்தை வெட்டுவதும் பிளேட், அது கடந்து போகும் இடத்தில் மேசை நடுவில் கிடக்கும் சிறு வட்டத் துண்டும் பிளேட். கடையில் கேட்டால் ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்து நீட்டுகிறார்கள். ஆகவே இந்தப் பதிவில் வெட்டுவது வாள், கிடப்பது தட்டு.

இயந்திரத்தோடு வரும் தட்டின் நடுவில் வாளைச் சுற்றித் தாராளமாக இடைவெளி இருக்கும். பெரிய பலகை அறுப்பவருக்கு அது தொல்லையில்லை. நான் இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்தில் சவுக்கு மரத்தில் தேயிலை அள்ளும் சிறு கரண்டிகள் செய்கிறேன். (நம் தோட்டங்களில் சவுக்கு என்பது தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா; கடற்கரைச் சவுக்கு அன்று.) கரண்டிக் காம்பின் ஓரத்தில் அறுத்த ஒரு துண்டு அந்த இடைவெளியில் இறங்கி, வாளுக்கும் கீழ்ச் சக்கரத்துக்கும் நடுவே போய்ச் சிக்கியது. வெடிச் சத்தம் போல் ஒன்று கேட்டது. வாள் சக்கரத்திலிருந்து கழன்று நெளிந்து கிடந்தது. புது வாள் வாங்கிய அன்றே இந்தத் தட்டையும் செய்துவிட்டேன். வாள் புகும் அளவுக்கு மட்டுமே பிளவு இருப்பதால் துண்டுகள் விழ வழியில்லை. மரத்தின் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பிய்வதும் குறைகிறது.

எதில் செய்வது? நான் முதலில் எடுத்தது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எப். பலகை. வழவழப்பாக, அருமையாகப் பொருந்தியது. ஜூனில் மழை தொடங்கி மூன்றாவது வாரம், அறுத்துக்கொண்டிருந்த மரம் தட்டின் விளிம்பில் முட்டி நின்றது. எம்.டி.எப். ஈரத்தைக் குடித்தால் அகலத்தைவிடத் தடிப்பில்தான் அதிகம் ஊதும். தட்டு மேசைக்கு மேலே எழும்பிவிட்டது. அதே பலகையில் செய்த இன்னொரு தட்டு பண்டாரவளையில் என் மைத்துனரின் பட்டறையில் இன்றும் ஒழுங்காகக் கிடக்கிறது. நமக்குத் தென்மேல் பருவமழை கொட்டும் மாதங்களில் பண்டாரவளை இருக்கும் ஊவாப் பக்கம் காய்ந்த காற்றுதான் வீசும். ஆக, பண்டாரவளைக்காரர்கள் விருப்பம்போல் செய்யலாம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாக்காரர்களுக்கு நான் சொல்வது 3 மி.மீ. அக்ரிலிக். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி எறியும் துண்டே போதும். அங்கேயே கிடைக்கும் நுரை பி.வி.சி. பலகையும் ஈரத்துக்கு அசையாது. ஆனால் அழுத்தினால் வளைகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. இரும்புத் தகட்டை நினைத்தும் பார்க்க வேண்டாம், வாளின் பல் போய்விடும்.

1. வாளை முதலில் சரிசெய்யுங்கள். எந்த வாளில் வேலை செய்யப் போகிறீர்களோ அதையே மாட்டி, இழுவிசை, சக்கரத்தில் ஓடும் இடம், வாளை விலகாமல் பிடிக்கும் வழிகாட்டிகள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். தட்டை வெட்டிய பிறகு வாளை நகர்த்தினால் பிளவு அகன்று, செய்த வேலை வீணாகும்.

2. மின் செருகியைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். பழைய தட்டின் விட்டமும் அது உட்காரும் பள்ளத்தின் ஆழமும் வேண்டும். வேர்னியர் (மி.மீ.க்கும் நுட்பமாக அளக்கும் கருவி) இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். என் தட்டு 54 மி.மீ., பள்ளம் 3 மி.மீ. கூடவே, பள்ளத்தின் பின் விளிம்பிலிருந்து வாளின் பல் நுனி வரை உள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு அது 31. பல் சரியாக நடுவில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

3. வட்டம் வெட்டுங்கள். ஹோல் சோ என்னும் துளை வாளை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நானும் 54 மி.மீ. ஒன்று வாங்கி ஏமாந்தேன். அதில் எழுதியிருப்பது துளையின் அளவு. உள்ளே மிஞ்சும் வட்டம் இருபுறமும் பல்லின் தடிப்பளவு சிறுத்துவிடும். அதைவிடப் பெரிய கேடு, நடுவில் துளைப்பான் போடும் ஓட்டை. எங்கே இடைவெளியே கூடாது என்று பாடுபடுகிறோமோ, சரியாக அங்கேயே ஓட்டை! கவராயத்தால் மெல்ல வட்டம் கீறி, பேண்ட் சோவிலேயே ஒரு மி.மீ. வெளியே அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துக் கொண்டுவாருங்கள். விரலால் தள்ளினால் இறங்க வேண்டும், சுத்தியல் தேவைப்படக் கூடாது. அக்ரிலிக்கின் மேல் ஒட்டியிருக்கும் தாளை இப்போது உரிக்க வேண்டாம்.

4. பிளவு போடுங்கள். என்னை விழுத்தாட்டிய இடம் இதுதான். புதுத் தட்டுக்குத்தானே இடம் வேண்டும் என்று பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, இயந்திரத்தை ஓட்டி, வட்டத்தை முன்னாலிருந்து தள்ளினேன். வாள் கீழ்நோக்கி ஓடுவதால் முதலில் வாளைத் தொட்ட வட்டத்தின் பின் ஓரத்தையும் வெறும் பள்ளத்துக்குள் இழுத்தது. அது பள்ளத்தின் பின் விளிம்பில் இடித்து இரண்டாகப் பிளந்தது. விரல் தள்ளி இருந்ததால் இந்தப் பதிவைப் பத்து விரலாலும் எழுதுகிறேன்.

சரியான முறை: பழைய தட்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும். புது வட்டத்தின் மேல் ஒரு முழ நீளச் சட்டத்தை இருபுறம் ஒட்டும் டேப்பால் ஒட்டி, அதைப் பிடித்துத் தள்ளுங்கள். விரல்கள் வாளுக்கு அருகே போகவே வேண்டியதில்லை. வட்டத்தின் பின் ஓரத்திலிருந்து நீங்கள் குறித்த தூரம் வரை, என் கணக்கில் 31 மி.மீ., மெதுவாக அறுங்கள். அவசரப்பட்டால் அக்ரிலிக் உருகி, பிளவுக்குள் மறுபடி ஒட்டிக்கொள்ளும். கோட்டைத் தொட்டதும் இயந்திரத்தை நிறுத்தி, வாள் முழுதாக நின்ற பிறகே வட்டத்தைப் பின்னுக்கு இழுங்கள். ஓடும்போது இழுத்தால் வாளும் கூடவே முன்னால் வரும்.

5. செருகியைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டு, புதுத் தட்டைப் பிளவு வழியே வாளில் நுழைத்துப் பள்ளத்தில் அமர்த்துங்கள்.

6. மட்டம் பாருங்கள். ஓர் இரும்பு அடிமட்டத்தை மேசையிலிருந்து தட்டின் மேல் நகர்த்தினால் போதும். பதிந்திருந்தால் தட்டின் அடியில் மூன்று இடத்தில் சுப்பர் குளூ சொட்டு விட்டுக் காயவிட்டு, அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம். மேலே எழும்பியிருந்தால் அடியைத் தேய்க்க வேண்டும். ஒரு கடதாசித் தடிப்பளவு பதிந்திருப்பது பரவாயில்லை. அந்தளவு எழும்பியிருந்தாலும் மரம் முட்டும்.

ஒரு குறையும் உண்டு. இடைவெளி போனதால் மரத்தூள் கீழே இறங்குவது குறைந்து மேசைமேல் சேர்கிறது. சவுக்குத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கையுறை தூளைக் கூட்டும்போது மட்டும், இயந்திரம் ஓடும்போது கூடாது.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். மேசையைச் சாய்த்து அறுத்ததும் தட்டு கருகி நாறியதாம். மேசை சாய்ந்தால் வாள் தட்டை வேறு கோணத்தில் கடக்கிறது, நேர்ப் பிளவின் பக்கச் சுவரில் உரசுகிறது. முதலில் தொழிற்சாலைத் தட்டையே போட்டு மேசையைச் சாயுங்கள். அடிக்கடி 45 பாகையில் அறுப்பவரானால், சாய்த்த நிலையிலேயே நான்காம் படியைச் செய்து இன்னொரு தட்டு வெட்டி, அதன் மேல் 45 என்று எழுதி வையுங்கள். நான் எழுதாமல் விட்டு இரண்டையும் மாற்றிப் போட்டேன். அந்த நாற்றம் எனக்கும் தெரியும்.