நரம்பு இழுக்கும் இடுப்பு வலியோடு சென்னையில் ஒவ்வொரு நாளையும் ஓட்டுவது எப்படி

"வலி பத்துக்கு எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டால், ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். நான் இரண்டு வருஷம் "ஆறு, ஏழு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மாத்திரை மட்டும் மாறியது. ஒரு நாள் எரிச்சலில், "தாம்பரத்துல பஸ் ஏறி கிண்டியில இறங்குறப்ப இடது காலை ஊன்ற முடியலை சார், படிக்கட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், பின்னாடி இருக்கிறவங்க திட்டுறாங்க" என்றேன். அன்றுதான் பேச்சே உருப்படியாகப் போனது. இதற்கென்றே ஆஸ்வெஸ்ட்ரி என்று பத்துக் கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது: குளித்து உடுத்துவது, தூக்குவது, நடப்பது, உட்காருவது, தூங்குவது, தாம்பத்தியம், பயணம் என்று எல்லாவற்றையும் கேட்கும். படிவம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாரம் இதையெல்லாம் நோட்டில் ஒரு வரி எழுதி எடுத்துப் போங்கள்.

காலில் எந்த விரல் பக்கம் மரத்துப்போகிறது என்பதையும் கவனியுங்கள். வெறும் தசைப் பிடிப்பு பெரும்பாலும் இடுப்போடு நிற்கும். நரம்பு வலி புட்டத்தில் இறங்கி, காலில் சுள்ளென்று ஓடும், எரியும், எறும்பு ஊரும், மரத்துப்போகும். மரப்பு பெருவிரல் பக்கம் என்றால் கீழ் முதுகிலிருந்து காலுக்கு வரும் எல்5 நரம்பாக இருக்கலாம், சுண்டுவிரல் பக்கம் என்றால் அதற்கு அடுத்த எஸ்1. ஸ்கேனில் "டிஸ்க் பல்ஜ்" (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்குவது) என்று வந்ததும் உடைந்துபோக வேண்டாம், வலியே இல்லாத நிறையப் பேருக்கும் அது இருக்கிறது. காலில் உள்ள தொந்தரவும் ஸ்கேனும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம், உங்களுக்கு எது ஆகாது என்று கண்டுபிடியுங்கள். எனக்கு உட்கார்ந்தால் வலி, டிஸ்க் ஆட்கள் பலருக்கு அப்படித்தான். என் அத்தைக்கு நேர்மாறு: நாலாவது தோசை திருப்புவதற்குள் இரண்டு காலும் கனத்துவிடும், உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சரியாகிவிடும். முதுகெலும்புக் கால்வாய் சுருங்கியவர்களுக்கு இது வழக்கம். ஆகவே எனக்குச் சொன்ன பயிற்சியை அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் வரும் "ஐந்தே ஆசனம்" வீடியோக்களுக்கு இது தெரியாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று இடுப்பை முறுக்குகிறவரிடமும் போகாதீர்கள்.

பஸ்ஸில் கடைசி சீட் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரும் நேராக இடுப்பில் ஏறும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்காருங்கள். வழி ஒத்துவந்தால் மெட்ரோ, குலுக்கல் குறைவு, லிஃப்ட் உண்டு, முடியாதபோது எழுந்து நிற்கலாம். ஆபீசில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள், தண்ணீர் பாட்டிலைச் சின்னதாக வைத்துக்கொண்டால் தானாகவே எழுந்திருப்பீர்கள்.

தண்ணீர் கேன் இருபது கிலோ. போடுகிற தம்பியையே ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேன் வாயில் மாட்டும் பம்ப் வாங்குங்கள். கௌரவம் பார்த்து நானே தூக்கி, மூன்று நாள் படுத்திருக்கிறேன். வலி குறைந்த நாளில்தான் நமக்கு இந்த வீரம் வரும்: வீடு துடைத்து, பரண் ஒழித்து, மறுநாள் முடங்குவது. நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஒரே அளவு நடங்கள். பத்து நிமிடத்தில் வலி ஏறினால் எட்டு நிமிடம், வெயில் ஏறுவதற்கு முன்னால், பக்கத்துப் பார்க்கில். படுத்தே கிடந்தால் இன்னும் மோசமாகும்.

ஒருக்களித்துப் படுத்து முழங்கால்களுக்கு நடுவே தலையணை, மல்லாந்து என்றால் முழங்காலுக்கு அடியில்.

நரம்பு வலிக்கான பிரிகாபாலின், கபாபென்டின் மாத்திரை கொடுத்திருந்தால் ஆரம்பத்தில் தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், உடம்பு பழகும்வரை ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். வலி போய்விட்டது என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் நோட்டில் எழுதிக் காத்திருக்காதீர்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் அடங்காமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலோ, இரவு இரண்டு மணி ஆனாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது, 108-ஐக் கூப்பிடுங்கள்.