ஹத்தாத் ராத்தீப்: எண்ணிக்கை பிசகாமல் ஓத

பாலக்காட்டுப் பக்கம், புதுநகரம், கொல்லங்கோடு ராவுத்தர் வீடுகளில் புதிதாக ராத்தீப் (குர்ஆன் வசனங்களும் திக்ருகளும், அதாவது இறைநினைவு வாசகங்களும், சேர்ந்த தொகுப்பு) ஓத உட்காருகிறவர்களுக்கு இது. நேரம் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின். ரமளானில் மட்டும், இஷாவுக்குப் பின் தராவீஹ் தொழுகை இருப்பதால், இஷாவுக்கு முன்பே ஓதிவிட வேண்டும்.

தொகுத்தவர் யமனின் தரீமைச் சேர்ந்த இமாம் அப்துல்லாஹ் அல்ஹத்தாத் (1634–1720). சிறுவயதிலேயே அம்மையில் பார்வை போனவர். ஒரு சீடர் கேட்டதற்காக ஹிஜ்ரி 1071 ரமளானில் இதைத் தொகுத்தார். அவருடைய பா அலவி எனும் சூஃபி வழியில் வந்தவர்தான் தரீமிலிருந்து மலபாருக்கு வந்த பெரியவர் மம்புறம் தங்ஙள்.

ஒருவர் முன்னோத, மற்றவர்கள் சேர்ந்து ஓதலாம். முதலில் குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா, ஆயத்துல் குர்ஸி, பகரா அத்தியாயத்தின் கடைசி இரண்டு ஆயத்துகள் (வசனங்கள்). அதன்பின் வரும் திக்ருகள் பெரும்பாலும் 3 தடவை. சிக்கலே அங்கேதான்: 3க்குப் பழகிய நாக்கு, 'யா தல் ஜலாலி வல் இக்ராம்' வரும்போதும் 3இல் நின்றுவிடும். அது 7. முடிவை நெருங்கும்போது வரும் 'அஸ்தக்ஃபிருல்லாஹ ரப்பல் பராயா' 4. ஏட்டில் இந்த இரண்டு இடத்தையும் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள்.

அடுத்து 'லா இலாஹ இல்லல்லாஹ்' குறைந்தது 50. கையில் 33 மணி தஸ்பீஹ் (மணிமாலை) என்றால் ஒரு சுற்றும் 17 மணியும். 'லா'வை நீட்டுங்கள், 'இலாஹ'வின் கடைசி எழுத்தை நீட்டாதீர்கள். வேகம் கூடினால் 'இல்லல்லாஹ்' விழுங்கப்படும். அப்போது 'இறைவன் இல்லை' என்பதோடு பேச்சு நின்றுவிடும். 'அல்லாஹ்வைத் தவிர' வராது. முன்னோதுபவர் வேகத்தைக் குறைத்தால் போதும், சபை தானே அடங்கும்.

தமிழ் எழுத்து ஏட்டை மட்டும் நம்பாதீர்கள். 'யா கவிய்யு', 'யா கபீர்', 'காஷிஃபல் கம்' எல்லாவற்றுக்கும் அதில் ஒரே க. கவிய்யுவின் க அடிநாக்கில் பிறக்கும். கபீரின் க நம் வழக்கமான க. கம்மின் க தொண்டையில் உரசும். ஒருமுறை ஓதத் தெரிந்த ஹஜ்ரத்திடம் (மார்க்க ஆசிரியரிடம்) உட்கார்ந்து ஓதிக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பிறகு குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயம் 3, ஃபலக் 1, நாஸ் 1. பெரியோர்கள் பேரில் ஃபாத்திஹாக்கள். நிறைவாக, சுவர்க்கம் கேட்டு நரகத்திலிருந்து காவல் தேடும் துஆ 3 தடவை. நார்சா (ஓதி முடித்துப் பங்கிடும் தின்பண்டம்) தட்டை அதுவரை வெளியே எடுக்க வேண்டாம். சத்தம் கேட்டதுமே அந்த 3, 1 ஆகிவிடும்.